செண்டுமல்லி இலையாக வளர்கிறது, பூ சிறுத்து வருகிறது: மாடியில் எதை மாற்ற வேண்டும்?

தண்டையார்பேட்டை மாடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் பைகளில் தோட்டம் வைத்திருக்கிறேன். கத்தரியும் வெண்டையும் குறையில்லாமல் காய்க்கும் இதே மாடியில் செண்டுமல்லி மட்டும் மனம் நிறையும்படி பூப்பதில்லை. காரணம் ஒன்றா பலவா என்று பிரித்தறிய முடியாததால், நடந்தவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

பங்குனியில் விதைத்த செடிகள் வைகாசியில் பூத்தன. பூ ஓர் அங்குல அகலத்தைத் தாண்டவில்லை. ஓரத்தில் ஒரு வரிசை இதழும் நடுவில் மஞ்சள் குழல்களுமாக, மாலை கட்ட உதவாத பூக்களாகவே வந்தன. ஆடியில் விதைத்தவை அதற்கு நேர்மாறாக இடுப்பளவு உயர்ந்து, கரும்பச்சை இலைகளோடு தளதளவென்று நிற்கின்றன. ஆனால் தண்டு மென்மையாக இருப்பதால் காற்றடித்தால் சாய்கின்றன, மொட்டும் இப்போதுதான் தலைகாட்டுகிறது. இரண்டு முறையும் அடியிலைகளின் நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகின. பையின் விளிம்பிலும் அடியிலுள்ள வடிகால் துளைகளைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு படிவு ஏறியிருக்கிறது.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து பைகளை நிரப்பினேன். வாரம் ஒரு முறை கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுகிறேன். தண்ணீர் பெரும்பாலும் போர் தண்ணீர், அதோடு ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரையும் வீணாக்காமல் செடிகளுக்கே விடுகிறேன். விதை, பூஜைக்கு வாங்கிய மாலைப் பூக்களை உலர்த்தி எடுத்தது. பைகள் தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. எதிரே தெருவிளக்குக் கம்பம் ஒன்று உண்டு, அதன் வெளிச்சம் இரவு முழுவதும் மாடியில் விழும். பொங்கலுக்கு வீட்டுப் பூவிலேயே வாசலுக்குத் தோரணம் கட்ட வேண்டும் என்பது என் தாயாரின் விருப்பம். அதற்குள் எவற்றை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.


மாதவரம் பால்பண்ணை எழுதியது:

வணக்கம். இலை ஓரம் கருகுவதும் பை விளிம்பில் வெள்ளைப் படிவு ஏறுவதும் சேர்ந்தே வந்திருப்பதால், உரத்தையும் விதையையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பார்த்தாக வேண்டும். வடசென்னையில் பூச்செடி வளர்ப்பவர்கள் பூச்சி மருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதியை நீரில் கரைந்த உப்பை, அதாவது டி.டி.எஸ்.ஸை, அளக்கும் பேனாவுக்குச் செலவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

நம் பகுதியின் நிலத்தடி நீர் எளிய விஷயம் அல்ல. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. கடற்கரையை ஒட்டிய எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் பகுதிகளில் ஒரே தெருவில் ஒரு வீட்டுப் போர் சுவையாகவும் அடுத்த வீட்டுப் போர் உப்பாகவும் இருப்பதை எல்லோரும் அறிவோம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்புடையதாகச் சொல்லும் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். பையில் வளரும் செடிக்கும் அந்த அளவுக்குள் இருக்கும் நீரே நல்லது. 1,000-ஐத் தாண்டினால் பையில் வளரும் செண்டுமல்லி அதைப் பூவில் காட்டும்.

உப்பு எவ்வாறு பூவைச் சிறுக்க வைக்கிறது என்பதைச் சற்று விளக்குகிறேன். வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு ஏற ஏற, அந்த நீரை உறிஞ்சச் செடி அதிகமாகப் பாடுபட வேண்டியிருக்கிறது. பை ஈரமாக இருந்தாலும் செடிக்குள் வறட்சிதான். உள்ளே போன சோடியமும் குளோரைடும் நீரோட்டத்தோடு இலைவரை சென்று, நீர் ஆவியான பிறகு ஓரத்திலேயே தங்கிவிடுவதால் கருகல் நுனியிலும் விளிம்பிலும் தொடங்குகிறது. மொட்டு விரிவது என்பது அதனுள்ளிருக்கும் உயிரணுக்கள் நீரை நிரப்பிக்கொண்டு பெருப்பதுதான் என்பதால், அந்த நாட்களில் நீர் தட்டுப்பட்டால் இதழின் நீளம் குறைந்துவிடும். பின்னர் எத்தனை உரம் கொடுத்தாலும் விரிந்த பூ மேலும் பெரிதாகாது.

ஆர்.ஓ. கழிவுநீரை உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே போகும் நீரில் பாதி தூய நீராகவும் பாதி கழிவாகவும் பிரிந்தால், அந்தக் கழிவில் உப்பு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். கழிவின் பங்கு அதைவிட அதிகமென்றால் செறிவு சற்றுக் குறையும். ஆனாலும் போர் தண்ணீரைவிட அது மோசமானதுதான். அதைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் பயன்படுத்தலாம். மண் நிறைந்த பைக்கு வேண்டாம்.

நார்க்கழிவையும் கவனிக்க வேண்டும். தேங்காய் மட்டை உப்பங்கழி நீரில் ஊறவைக்கப்பட்டிருந்தால் அதன் உப்பு நாரிலேயே இருக்கும்; அழுத்திய கட்டியை ஒரு முறை நனைத்துப் பிழிவது போதாது. வடியும் நீரின் டி.டி.எஸ். ஊற்றிய நீரின் அளவுக்கு அருகில் வரும்வரை அலச வேண்டும். அதன் பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து மீண்டும் அலசினால், நார் பற்றிக்கொண்டிருக்கும் சோடியத்தைக் கால்சியம் வெளியேற்றிவிடும்.

இருக்கும் பைகளைக் காப்பாற்ற வழி உண்டு. முதலில் அளந்து பாருங்கள்: நன்றாக நனைந்த பையின் மேல் ஒரு குவளை ஆர்.ஓ. தூய நீரை மெதுவாக ஊற்றி, கீழே வடியும் முதல் நீரைத் தட்டில் பிடித்துப் பேனாவை வையுங்கள். வேர் எதற்குள் நிற்கிறது என்பதை அந்த எண் சொல்லும். பின்னர் பையின் கொள்ளளவைப் போல இரண்டு அல்லது மூன்று பங்கு நல்ல நீரைச் சிறிது சிறிதாக விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும். அதோடு தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) வெளியேறும் என்பதால் சில நாட்கள் கழித்து இலேசாக ஊட்டம் கொடுக்க வேண்டியிருக்கும். இதற்கு மெட்ரோ வாட்டர் போதும் என்றாலும் மழைநீரே சிறந்தது. சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் வந்துவிடுகிறது. 100 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறக்குறைய 90 லிட்டர் நீர். முதல் மழையில் தூசியும் கரியும் கழுவிப் போகட்டும். அடுத்த மழையிலிருந்து பீப்பாயில் பிடித்து மூடி வையுங்கள்.


செங்குன்றம் நாற்றங்கால் எழுதியது:

மேலே நண்பர் தண்ணீரைப் பற்றி எழுதியது முழுவதும் சரி. ஆனால் உப்பை மட்டும் நீக்கினால் பூ வந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆடிச் செடி இடுப்பளவு வளர்ந்ததற்கு உப்பு காரணமாக முடியாது; உப்பு செடியைக் குட்டையாக்குமே தவிர நெட்டையாக்காது. அதற்கு வேறு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, பகலின் நீளம். மாலைக்கு உதவும் பெரிய பூ இனம் குறும்பகலில் விரைந்து மொட்டுக் கட்டும் செடி. நெடும்பகலிலும் பூக்கும், ஆனால் நாள் கடத்தும், அதுவரை இலையாகவும் தண்டாகவும் நீளும். சென்னையில் ஆனிக் கடைசியிலும் ஆடியிலும் பகல் 13 மணி நேரத்தை நெருங்கி நிற்கும். மார்கழியில் 11 மணி நேரத்துக்குச் சற்று மேலாகச் சுருங்கும். வித்தியாசம் சிறிதுதான் என்றாலும் இந்தச் செடி அதை உணர்கிறது. உங்கள் மாடியிலோ தெருவிளக்கு இரவையும் சுருக்கிவிடுகிறது. ஒளிச்சேர்க்கைக்குச் சிறிதும் போதாத மங்கிய வெளிச்சம்கூட, இரவு முடிந்துவிட்டதாகச் செடியை எண்ண வைக்கப் போதுமானது. விளக்கின் நேர் வெளிச்சம் விழாத மூலைக்குப் பைகளை நகர்த்துங்கள். இடமில்லையென்றால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு திரையைக் கட்டுங்கள். நாற்றுப் பருவத்திலேயே குறும்பகல் கிடைத்த செடி குட்டையாக நின்று, முன்கூட்டியே மொட்டுக் கட்டும். பூவின் எண்ணிக்கையும் அளவும் பெரும்பாலும் மொட்டு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன; நாம் மொட்டைப் பார்த்த பிறகு ஓடியாடிச் செய்வதெல்லாம் இருப்பதைக் காப்பதற்கு மட்டுமே உதவும்.

இரண்டாவது, தழைச்சத்து. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வயலில் வளரும் செண்டுமல்லிக்கு ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்து, 90 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 75 கிலோ சாம்பல்சத்து என்று பரிந்துரைக்கிறது. தழைச்சத்தில் பாதி அடியுரமாகவும் மீதி நடவு செய்து 45 நாட்கள் கழித்தும் இட வேண்டும். 45-க்கு 35 சென்டிமீட்டர் இடைவெளியில் கணக்கிட்டால் ஒரு செடியின் பங்கு முழுப் பருவத்துக்கும் ஒன்றரை கிராம் தழைச்சத்துகூட வராது. கடலைப் புண்ணாக்கில் அது ஏறக்குறைய 7 விழுக்காடு இருப்பதால், 20 கிராம் புண்ணாக்கு அந்தக் கணக்கை முடித்துவிடுகிறது. பையில் தண்ணீரோடு சிறிது வடிந்து போகும் என்று கூட்டிக் கொடுத்தாலும், பையில் மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் இருக்கும்போது வாராவாரம் கரைசல் ஊற்றுவது பல மடங்கு அதிகம். கரும்பச்சை இலையும், அழுத்தினால் நசுங்கும் தண்டும், தள்ளிப்போகும் மொட்டும் அதன் அடையாளங்கள். காசிமேட்டு மீன் கழிவில் தயாரிக்கும் மீன் அமிலத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கழிவை நல்ல நீரில் அலசாமல் ஊறவைத்தால் கடலுப்பும் சேர்ந்தே வரும்.

பங்குனி விதைப்பில் பூ சிறுத்ததற்கு வெப்பமே முதன்மைக் காரணம். இந்தச் செடி செழிப்பாக வளர்வது 18 முதல் 20 டிகிரி வரையிலான குளிரில். 35 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி தடைப்பட்டு, பூவின் அளவும் எண்ணிக்கையும் குறையும். அக்னி நட்சத்திர நாட்களில் கான்கிரீட் தரைமேல் நேராக வைத்த பையின் வேர்ப்பகுதி காற்றைவிடவும் சூடாகிவிடும். சந்தைக்கு ஓசூரிலிருந்து வரும் பூவோடு நம் கோடைப் பூவை ஒப்பிடுவது நியாயமல்ல. அந்த ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது, அங்கு இரவுகள் குளிர்கின்றன.

ஒற்றை வரிசை இதழுக்கு வெப்பம் ஓரளவும் விதை பெரிதும் பொறுப்பு. மாலைப் பூவில் பெரும்பகுதி வீரிய ஒட்டு இரகம். அதன் விதை அடுத்த தலைமுறையில் பலவிதமாகப் பிரியும். ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்: நாம் இதழ் என்று சொல்லும் ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு பூ, ஒவ்வொன்றின் அடியிலும் ஊசி போன்ற ஒரு கருவிதை இருக்கும். விரிந்த நாக்குப் பூக்கள் எத்தனை, நடுவிலுள்ள குழல் பூக்கள் எத்தனை என்பதில் மரபுக்கே முதன்மைப் பங்கு. ஆகவே புதிய விதை வாங்குங்கள். ஆண்டுதோறும் சொந்த விதை எடுக்க விரும்பினால் பூசா நாரங்கி, பூசா பசந்தி போன்ற நிலைத்த இரகங்கள் பொருத்தமானவை. முன்னது ஆரஞ்சு, பின்னது மஞ்சள்.

பொங்கலுக்கான கணக்கு இப்படி வரும்: நாற்று ஏறக்குறைய ஒரு மாதம், நடவிலிருந்து பூவுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். புரட்டாசிக் கடைசி வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். நாற்றுத் தட்டை ஐப்பசி மழையில் திறந்து வைத்தால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் வரிசையாகச் சாய்ந்துவிடும். மேலே ஒளி புகும் கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் வேண்டும். நுனி கிள்ளுவது நல்ல பழக்கம். ஆனால் நடவு செய்து 30 நாட்கள் கழித்துக் கிள்ளினால் பூப்பு ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும். பொங்கல் நாளை விட்டுவிடக் கூடாதென்றால் பாதிச் செடிகளை மட்டும் கிள்ளுங்கள். கிள்ளாத செடி முதலில் பெரிய பூ தரும், கிள்ளிய செடி பின்னால் எண்ணிக்கையில் அதிகம் தரும்.

வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தெற்குச் சுவரை ஒட்டிய இடம் கோடைக்கு நல்லது, மார்கழிக்கு ஆகாது. சித்திரை நடுவிலிருந்து ஆவணி தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே செல்கிறது, அப்போது தெற்குச் சுவரின் நிழல் செடிமேல் விழாது. மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்துவிடுவதால், மூன்றடிச் சுவர் நண்பகலிலும் இரண்டடிக்குச் சற்று அதிகமாக வடக்கு நோக்கி நிழல் தரும். குறைந்தது ஆறு மணி நேர நேர் வெயில் இந்தச் செடிக்கு வேண்டும். பைகளைச் சுவரிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி, செங்கல்மேல் ஏற்றி வையுங்கள்.


தண்டையார்பேட்டை மாடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பேனா வாங்கி அளந்தேன். போர் தண்ணீர் 1,480, ஆர்.ஓ. கழிவு 2,300, ஆடிச் செடிப் பையிலிருந்து வடிந்த நீர் 3,900. பை விளிம்பிலிருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டி நீரில் இட்டபோது ஒரு பகுதி கரைந்தது, ஒரு பகுதி கரையாமல் சுண்ணாம்பு போல அடியில் தங்கியது. ஆடிச் செடிகளைப் பிடுங்கிவிடலாமா, அல்லது அவற்றில் இன்னும் பயன் உண்டா? சில செடிகளின் கொழுந்து வேறு மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.


மாதவரம் பால்பண்ணை எழுதியது:

கரையாமல் நின்றது பெரும்பாலும் சுண்ணாம்புதான். உங்கள் நீரில் பைகார்பனேட் அதிகம் என்பதற்கு அது அடையாளம். கொழுந்து மஞ்சளாவதும் அதோடு சேர்ந்ததே. கலவையின் காரத்தன்மை ஏறும்போது இரும்புச்சத்து அங்கேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடிவதில்லை. பைக் கலவையின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் 6-க்கும் 7-க்கும் இடையே இருப்பது நல்லது. அதற்காகக் கண்டபடி எலுமிச்சைச் சாற்றையும் புளித்த மோரையும் ஊற்றிவிட வேண்டாம். மிகவும் அமிலமாகிவிட்டால் இதே செண்டுமல்லி இரும்பையும் மாங்கனீசையும் அளவுக்கு மீறி எடுத்து, இலையெல்லாம் வெண்கல நிறப் புள்ளிகளோடு சுருங்கும். மழைநீருக்கு மாறினாலே காரத்தன்மை மெல்ல இறங்கும். அவசரத்துக்கு, செடி எளிதில் ஏற்கும் வடிவிலுள்ள இரும்பான இரும்புச் செலேட்டை இலைவழி தெளிக்கலாம்.

ஆடிச் செடிகளைப் பிடுங்க வேண்டாம். உப்பை அலசி இறக்குங்கள், புண்ணாக்கை முற்றிலும் நிறுத்துங்கள், ஒவ்வொரு செடிக்கும் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு கிளைக்கு நடு மொட்டு ஒன்றை மட்டும் விட்டுப் பக்க மொட்டுகளைக் கிள்ளிவிட்டால், ஆயுத பூஜை நேரத்தில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் நல்ல அளவில் பூ எடுக்க வாய்ப்பு இருக்கிறது.


பூக்கடைப் பக்கம் எழுதியது:

பாரிமுனை பத்ரியன் தெருவில் பூ வாங்கி விற்கும் குடும்பம் எங்களுடையது. சாகுபடி பற்றி மேலே இருவரும் சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பூவின் தரம் என்று நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பறிக்கும் முறையில் பாதித் தரம் போய்விடுகிறது.

பூவைக் கையில் எடுத்து இலேசாக அமுக்கினால் திரும்ப எழும்ப வேண்டும். அதைத்தான் கெட்டிப் பூ என்போம். அமுங்கியபடியே இருந்தால் அது தண்ணீர் தட்டிய செடியின் பூ, அல்லது நாள் கடந்து பறித்தது. அடுத்து அடிப்பகுதியில் உள்ள பச்சைக் கிண்ணத்தைப் பார்ப்போம். அது பிளவில்லாமல், பழுப்பு ஏறாமல் இருந்தால்தான் நாரில் கோத்தபின் இதழ் உதிராது. மழைக்காலத்தில் பூவின் உள்ளே நீர் தங்கியிருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டிப் பார்ப்போம். ஈரத்தோடு மூட்டை கட்டிய பூ மறுநாளே நடுவில் கறுத்துவிடும்.

ஆகவே பறிப்பதற்கு முதல் நாள் மாலை செடிக்கு நிறைய நீர் விடுங்கள், ஆனால் பூவின்மேல் படாமல் அடியில் விடுங்கள். பூ முழுவதும் விரிந்த பிறகே பறிக்க வேண்டும். மல்லிகையைப் போல மொட்டாகப் பறித்தால் இது அதன்பின் விரியாது. காலையில் பனி உலர்ந்ததும் காம்பு சிறிது சேர்த்துக் கிள்ளி, மூங்கில் தட்டில் பரப்பி நிழலில் வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டாம். மூன்று நாட்களுக்கு ஒரு முறை தவறாமல் பறித்தால்தான் அடுத்த மொட்டுகளுக்கு வலு போகும். காய்ந்த பூவைச் செடியிலேயே விட்டால் அது விதைக்குப் பாடுபடத் தொடங்கிவிடும்.

தோரணத்துக்கு வேண்டிய பூவை போகிக்கு முதல் நாள் காலையில் பறித்து, ஈரத்துணி மூடாமல் வாழையிலைமேல் பரப்பி வைத்தால் பொங்கலன்று கட்டும்வரை வாடாது.